பரீட்சைக்குக் கொடுத்த பல்

எங்கள் வீட்டில் பல்லுக்கு வைத்தியம் என்றால் பிடுங்குவது என்றுதான் அர்த்தம். வலித்தால் முதலில் கிராம்பு. கிராம்புக்கு அடங்காவிட்டால் உப்புத் தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியது. பல்லை அடைக்கலாம், உள்ளே சுத்தம் செய்து பல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் காசுள்ளவர்கள் காதில் மட்டும் சொல்லப்பட்ட சமாசாரம். தாம்பரத்தில் எங்கள் தெருவில் ரயில்வேக்காரர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி. விமானப்படைக்காரர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு அவர்கள் ஆஸ்பத்திரி. எங்களுக்குக் கிராம்பு. இன்ஷூரன்ஸ் என்பது ஆள் போன பிறகு வருகிற பணம். பல்லுக்குக்கூட அப்படி ஒன்று உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் தெருவே விழுந்து விழுந்து சிரித்திருக்கும்.

என் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதில் வாயில் ஒரு பல்கூட இல்லை. எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஈறு அடிக்கடி வீங்கும், ஒன்றிரண்டு பல் ஆடும், அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது என்று அப்பா யோசித்தார். ஒரேயடியாக எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு செட் கட்டிவிட்டால் ஆயுசுக்கும் பல் செலவே இருக்காது. டாக்டரும் அதுதான் சிக்கனம் என்று சொல்லிவிட்டார். அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல பற்களும் கெட்டதோடு சேர்ந்து போயின. செட் வந்தது, வந்த நாளிலிருந்தே ஈறைக் கடித்தது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் மாட்டிக்கொள்வாள். எங்களுக்குக் கோயில் என்றால் சர்ச். வீட்டில் வெறும் வாய்தான். கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கெல்லாம் முறுக்குச் சுட்டுக் கொடுத்துவிட்டுத் தன் பங்கைக் காபியில் ஊறப்போட்டு ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுவாள்.

அப்பா கெட்டவர் இல்லை. ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா, குடும்பத்தைக் கரையேற்றப் பாடுபட்ட மனிதர். ஆனால் அந்தச் சிக்கனத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. மிச்சம் பிடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் எல்லாருக்குமாக அவள் ஒருத்தி வாயில் கை வைத்து ஏன் மிச்சம் பிடித்தார்கள்?

அப்பா போன பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். எனக்கு ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. எழுபதுகளின் ஆரம்பம். சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாக இருக்கும், அதற்குமேல் நீட்டினால் கிழியும். அந்த நேரம் பார்த்து என் முன்பல்லில் ஓட்டை விழுந்தது. மேல்வரிசையில் நடுவில் இருக்கும் இரண்டில் ஒன்று. இரண்டு பல்லும் சேருகிற இடத்தில் மிளகைக் கிள்ளி வைத்ததுபோல் ஒரு கறுப்பு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. மற்றபடி வலி இல்லை.

மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் பல் டாக்டர் இருந்தார். நாற்காலியில் உட்கார வைத்து, சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். முன்பல்லை அடைக்கிற வெள்ளைச் சிமெண்ட் வேலை தன்னிடம் இல்லை, அதற்கு மவுண்ட் ரோடு பக்கம் பெரிய டாக்டரிடம்தான் போக வேண்டும், அவர் கேட்பதை என்னால் கொடுக்க முடியாது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பிடுங்கிவிட்டு ஒற்றைப் பல் ஒன்று கட்டிக்கொண்டால் சுலபத்தில் முடியும், இன்றைக்கே என்றாலும் சரி என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். நிஜமாகவே இறுக்கி மூடிக்கொண்டேன். அப்படியே மாடியிறங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து சொன்னால் அம்மாவுக்கு என் கோபம் புரியவில்லை. ஒரு பல்லுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம், எடுத்துத் தொலைத்துவிட்டு வேறு ஒன்று வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும் என்றேன். கல்யாணம் ஆக வேண்டிய பெண்ணுக்கு முன்பல் முக்கியம்தான் என்று அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு சமாதானமானாள். கல்யாணத்துக்காக இல்லை. என் வாய், என் பல், நான் கடிக்க வேண்டும், நான் பேச வேண்டும். அதை எடுப்பதா வைப்பதா என்று நான்தான் சொல்லுவேன். இதைச் சொன்னால் திமிர் என்றாள். திமிராகவே இருக்கட்டும் என்றேன்.

பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர்தான் வழி சொன்னாள். நகரத்தில் பல் டாக்டருக்குப் படிக்கிறவர்களின் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு, அங்கே படிக்கிற பிள்ளைகளே இலவசமாகப் பார்ப்பார்கள் என்றாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், நான் சொல்லப்போவதில்லை. மற்ற டீச்சர்களெல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்கு உன் வாய்தான் கிடைத்ததா என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. டிரெயினிங்கில் நாங்கள் மட்டும் யாரை வைத்துப் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டோமாம்? ஊரார் பிள்ளைகளை வைத்துத்தானே.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறிப் போனேன். சீட்டு வாங்குகிற இடத்தில் வரிசை வாசல்வரை நின்றது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கூலிக்காரர்கள், துணியால் தாடையைக் கட்டிய பெண்கள். வரிசை நகர்ந்து நகர்ந்து ஒரே ஒரு ஹாலுக்குள்தான் போனது. கதவுக்கு மேல் 'எக்ஸ்ட்ராக்‌ஷன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பிடுங்கும் ஹால். போகிறவர்கள் வாயைத் திறந்துகொண்டு போனார்கள், வருகிறவர்கள் பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தார்கள். இலவசம் என்றால் இங்கேயும் இதுதானா என்று தோன்றியது.

நான் வரிசையை விட்டு நகர்ந்து நின்றேன். அட்டெண்டர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, ஒதுங்கிகினு நிக்கிற? பல்லு புடுங்கத்தானே வந்துகீற?"

இல்லை, அடைக்க வந்தேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடைக்கிற இடம் மாடியில், அங்கே பெரிய டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தால்தான் போகலாம், இந்த வரிசையில் வந்தால் இந்த ஹால்தான் என்றார். நான் சீட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பின்னால் கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாடியில் நீண்ட ஹால். வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள். ஒரு பெண் என்னை நிறுத்தினாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவள், கடைசி வருஷம் படிக்கிறாள். சீட்டில் ஒன்றும் எழுதவில்லையே என்றவள், சரி, வாயைத் திறங்க என்றாள். திறந்தேன். கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். விளக்கை இழுத்து வைத்து இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, இந்தப் பல்லை எனக்குத் தருவீங்களா?"

தூக்கிவாரிப்போட்டது. எடுத்துக்கொள்வதற்கு இல்லை, பரீட்சைக்கு என்றாள். அவளே விளக்கினாள். கடைசிப் பரீட்சையில் ஒவ்வொருவரும் ஒரு உயிருள்ள நோயாளியை உட்கார வைத்து ஒரு பல்லை அடைத்துக் காட்ட வேண்டும். அந்த நோயாளியைப் பரீட்சை எழுதுகிறவர்தான் தேடிப்பிடித்துக் கொண்டுவர வேண்டும். ஓட்டை பெரிதாகவும் இருக்கக் கூடாது, வலியும் இருக்கக் கூடாது, இரண்டு முன்பல்லுக்கு நடுவில் இருந்தால் அதைப் போல விசேஷம் கிடையாது. அப்படி ஒரு வாய் கிடைக்காமல் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டிலும் ஹாஸ்டல் சமையல்கட்டிலும் ஒவ்வொருவர் பல்லாகப் பார்த்துக்கொண்டு அலைகிறார்களாம். கிடைத்தவர்களுக்குப் போகவர டிக்கெட், டிபன், சில பேர் சினிமாவுக்குக்கூடக் காசு கொடுக்கிறார்களாம். வராமல் போய்விட்டால் ஒரு வருஷப் படிப்பு அம்போ.

எனக்கு அதைக் கேட்டு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். கீழே பிடுங்கும் ஹாலுக்குப் போக வேண்டிய பல். மார்க்கெட் டாக்டர் இன்றைக்கே எடுத்துவிடலாம் என்ற பல். அதற்கு மாடியில் இவ்வளவு கிராக்கி. தலையை நிமிர்த்திக்கொண்டேன்.

டிபனும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம் என்றேன். முன்பல் பரீட்சைக்கு உன்னுடையது, அதுவரை என் கடைவாய்ப் பற்கள் இரண்டில் சொத்தை இருக்கிறதே, அதை அடைத்துவிடு, எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடு, அதற்குச் சம்மதமா என்று கேட்டேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதுவும் அவள் வகுப்பில் செய்து காட்ட வேண்டிய வேலைதானாம், அவளுக்கு இரட்டிப்பு லாபம். பரீட்சைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. முன்பல்லின் ஓட்டையில் கிராம்பு வாசம் அடிக்கிற ஒரு வெள்ளை மருந்தைத் தற்காலிகமாக வைத்து மூடினாள். பெரிதாகாமல் பார்த்துக்கோங்க அக்கா, பெரிசாச்சுன்னா நரம்பு கிட்டப் போயிடும், அப்புறம் ரெண்டு பேருக்கும் கஷ்டம் என்றாள்.

அந்த வாரங்களில் நான் சனிக்கிழமைகளில் போய்ப் போய் வாய் முழுக்கச் சரி செய்துகொண்டேன். ட்ரெயின் டிக்கெட்டைத் தவிரச் செலவு இல்லை. முகம் சுளித்த டீச்சர்கள் ஒவ்வொருத்தியாக வந்து என் கடைவாயை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். முன்பல்லால் எதையும் கடிப்பதில்லை என்று வைத்திருந்தேன். கொய்யாப்பழத்தைக் கத்தியால் நறுக்கித் தின்றேன். அம்மா கேலி செய்தாள். பல்லா, அடகில் வைத்த நகையா, இப்படிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்கிறாய் என்றாள். மீட்கப் போகிற நகை என்றேன்.

பரீட்சை நாள் வந்தது. மாடி வராந்தாவில் பெஞ்சுகள் போட்டு எங்களை உட்கார வைத்திருந்தார்கள். எங்களுக்குப் பெயர் கிடையாது, கேஸ் என்பார்கள். பக்கத்தில் பெருங்களத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு கொத்தனார், யாரோ வாங்கிக் கொடுத்த பொங்கலை நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் தங்கள் ஆளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் ஆள் எதையோ எடுத்துவர உள்ளே போன நேரத்தில் ஒரு பையன் என் முன்னால் வந்து குனிந்தான். அவனுடைய ஆள் வரவில்லையாம். முகம் வெளுத்திருந்தது. தன்னுடைய கேஸாக வந்தால் டாக்ஸி வைத்து வீட்டில் கொண்டுவிடுவதாகச் சொன்னான். தாம்பரத்துக்கு டாக்ஸி! பாவமாகத்தான் இருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டேன் தம்பி என்றேன்.

உள்ளே போனதும் அவள் என் காதருகில் ஒரே ஒரு விஷயம் சொன்னாள். வலித்தால் கத்திவிடக் கூடாது. நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கேஸ் கத்தினால் பரீட்சை எடுக்கிறவர் திரும்பிப் பார்ப்பார், மார்க் போய்விடும். சரி என்றேன். அதற்கும் வாக்குக் கொடுத்தேன்.

அப்போதெல்லாம் பிள்ளைகளுக்குக் காலால் மிதிக்கிற மெஷின்தான். தையல் மிஷினைப்போல் மிதிக்க மிதிக்கக் கயிறு ஓடும், முனையில் ஊசி சுற்றும். இதற்கெல்லாம் மரத்துப்போக ஊசி போடுவதில்லை. அவள் கை முதலில் நன்றாகத்தான் ஓடியது. கறுப்பைச் சுரண்டி எடுத்தாள், தண்ணீரைப் பீய்ச்சினாள், மறுபடி சுரண்டினாள். கடைசியாக ஒரே ஒரு தடவை உள்ளே விட்டாள். மூக்குத்தண்டு வழியாக உச்சந்தலைவரை ஒரு கம்பி ஏறியதுபோல் இருந்தது. கைப்பிடியை இறுக்கினேன். கத்தவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது.

அவள் கால் நின்றுவிட்டது. பஞ்சை வைத்து எடுத்தாள், பஞ்சில் ஒரு பொட்டு இரத்தம். நரம்பைத் தொட்டுவிட்டாள். அது எனக்குத் தெரியாது, அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்துத் தட்டில் குழைத்து வைத்த சிமெண்ட் தயாராக இருந்தது. யாரும் எங்களைப் பார்க்கவில்லை. சிமெண்ட்டை அப்பி மூடியிருந்தால் பரீட்சையில் தேறியிருப்பாள், என் பல் ஒரு மாதத்தில் சீழ் கட்டியிருக்கும். அவள் சிமெண்ட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி, சார் என்று கூப்பிட்டாள். அந்த ஒரு காரியத்துக்காக அவளை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

பரீட்சை எடுக்க வெளியூரிலிருந்து வந்திருந்த பெரிய டாக்டர் அவர். வந்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நரம்பு வரை போய்விட்டாய், எக்ஸ்ட்ராக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடு என்று அவளிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். அவள் அழ ஆரம்பித்தாள். அட்டெண்டர் வந்து என் கழுத்துத் துணியை அவிழ்த்தார்.

எக்ஸ்ட்ராக்‌ஷன். கீழே கதவுக்கு மேல் பார்த்த அதே எழுத்து. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் அம்மாவைக் கேட்காமல் எடுத்தார்கள். இப்போது என்னையும் கேட்காமல் எடுக்கப் போகிறார்கள். அதுவும் வந்தபோது வலிக்காத பல்லை, இவர்கள் கையால் குத்தி நாசம் செய்துவிட்டு.

"சார்" என்றேன். "நான் எழுந்திருக்க மாட்டேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். புரியவில்லை. பல்லைப் பிடுங்கச் சம்மதமில்லை, இதை வைத்துக்கொள்ள வழி என்னவோ அதைச் செய்து கொடுங்கள், அதுவரை இந்த நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்றேன். அவருக்கு முகம் சிவந்தது.

"ஏம்மா, இலவசமாப் பார்க்கிறோம். அதுக்கும் மேல சட்டம் பேசறியா?"

"இலவசம்தான் சார். என் பல்லும் உங்களுக்கு இலவசமாத்தான் வந்துது. காலையில வெளியில ஒரு தம்பி டாக்ஸி வைக்கிறேன்னு கேட்டான், இதுக்கு. நான் தானம் வாங்க வரல. உங்க பரீட்சைக்குப் பல் கொடுக்க வந்திருக்கேன். கொடுத்தது எப்படி இருந்துதோ, அப்படித் திருப்பிக் கொடுங்க."

ஹாலில் மிதித்துக்கொண்டிருந்த மெஷின்களெல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. அந்த நாற்காலியில் அடுத்ததாக உட்கார வேண்டிய கொத்தனார் பொங்கல் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டார். ரோதனை பண்ணாத, எந்திரிம்மா என்று அட்டெண்டர் கெஞ்சினார். வாட்ச்மேனைக் கூப்பிடு என்று ஒரு குரல் கேட்டது. கூப்பிடுங்கள் என்றேன். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பயமில்லாமல் இல்லை. பத்து நிமிஷமோ அரை மணியோ, எனக்குத் தெரியாது. பல் விண்விண் என்று தெறித்தது. பரீட்சை நின்றுபோய்விட்டது.

கடைசியில் அந்த ஆஸ்பத்திரியின் புரொஃபஸரையே கூட்டிவந்தார்கள். வயதானவர், நிதானமாக வந்தார். என்னிடம்தான் முதலில் பேசினார், அதிலேயே எனக்குப் பாதி கோபம் இறங்கியது. எங்கேயிருந்து வருகிறாய் என்றார். தாம்பரம் என்றேன். பல்லின் வேருக்குள் இருக்கிற நரம்பை எடுத்து, உள்ளே சுத்தம் செய்து, மருந்து அடைத்தால் பல்லை வைத்துக்கொள்ளலாம், ஆனால் வாரா வாரம் வர வேண்டும் என்றார். எல்லாரும் வருகிறேன் என்றுதான் சொல்லுவார்கள், வலி நின்றதும் வரவை நிறுத்திவிடுவார்கள், பிறகு முகம் வீங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள், அதனால்தான் இங்கே பிடுங்கிவிடுகிறோம் என்றார்.

"நான் வருவேன் சார். ஒரு வாரம் வரலேன்னா, அப்பப் பிடுங்குங்க."

அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நீ கெடுத்த பல்லை நீதான் சரி செய்ய வேண்டும், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன் என்றார். ஊசி போட்டு, நரம்பை எடுத்து, மருந்து வைத்து மூடினார்கள். அதற்குப் பிறகுதான் நாற்காலியை விட்டு இறங்கினேன்.

அவளுக்கு அந்தத் தடவை பரீட்சை போய்விட்டது. பாவமாக இருந்தது எனக்கு. ஆனால் நான் உட்கார்ந்ததால் போகவில்லை, அதை அவளே சொன்னாள். மறுபடி எழுதுவதற்காக அங்கேயே இருந்தாள், அதனால் என் பல்லுக்கு ஆள் கிடைத்தாள். அடுத்த தடவை வேறு யாருடைய பல்லையோ அடைத்துத் தேறிவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஊர்ப்பட்ட ஆம்பளைகள் நடுவில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு வாயாடிவிட்டு வந்திருக்கிறாய், மானம் போயிற்று, அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். ஊசியில் என் முகம் இன்னும் பாதி மரத்துத்தான் இருந்தது. அவள் சோற்றைக் குழைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு. பாதிச் சாப்பாட்டில் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"எழுந்திருக்க மாட்டேன்னா... விட்டுட்டாங்களாடி?"

விட்டுட்டாங்கம்மா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள். மறுபடியும் சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

நான் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. மழை கொட்டி ட்ரெயின் பாதியில் நின்றபோதும் இறங்கி பஸ் பிடித்துப் போனேன். கடைசி நாளன்று அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒரு உண்மையைச் சொன்னாள். நரம்பு எடுத்த பல், நாளாக ஆகக் கறுத்துவிடும், சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். கடிக்கலாமா என்று கேட்டேன். தாராளமாகக் கடிக்கலாம் என்றாள். அப்படியானால் எந்த நிறத்துக்கு வேண்டுமானாலும் வரட்டும் என்றேன். ஸ்டேஷன் வாசலில் ஒரு கொய்யாப்பழம் வாங்கி, பல்லால் கடித்துத் தின்றுகொண்டே ட்ரெயின் ஏறினேன்.

அவள் சொன்னபடியே கறுத்தது. இரண்டு வருஷத்தில் லாந்தர் சிம்னியில் புகை பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சிரித்தால் முதலில் அதுதான் தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கொஞ்ச நாள் உற்றுப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது. பழகாதவர்கள் பெரியவர்கள்தான்.

அந்தச் சமயத்தில் சிட்லபாக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் ஆபீஸ் வேலை, நல்ல குடும்பம், எங்கள் சபைதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பையனுடைய அம்மாவும் அப்பாவும் அத்தையும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா நாலு நாளாகத் தலைகால் புரியாமல் இருந்தாள். நான் காபி கொண்டுவந்து வைத்தேன். என் சம்பளத்தைக் கேட்டார்கள், பாட்டுப் பாடுவேனா என்று கேட்டார்கள். பையனுடைய அம்மா ஏதோ வேடிக்கையாகச் சொன்னார்கள், நான் சிரித்துவிட்டேன். அவர்கள் பார்வை என் பல்லிலேயே நின்றுவிட்டது.

பொண்ணு எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றார்கள். பிறகு பையனுடைய அம்மா என் அம்மா பக்கம் திரும்பி, நல்ல மனசோடுதான், தேன் ஒழுகச் சொன்னார்கள்.

"அந்த ஒரு பல்லு மட்டும்தான் கண்ணுல உறுத்துது. கல்யாணத்துக்கு முன்னாடி அதை எடுத்துட்டு வெள்ளையா ஒண்ணு கட்டிடலாம். நீங்க கவலைப்படாதீங்க, செலவை நாங்களே பார்த்துக்கிறோம்."

பாருங்கள் வேடிக்கையை. அந்தப் பல்லை வைத்துக்கொள்ள எனக்கு யாரும் ஒரு காசு கொடுக்கவில்லை. அதைப் பிடுங்குவதற்கு இப்போது பணம் வருகிறது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது எனக்கு. சம்பந்தம் போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா பேசிவிட்டாள்.

"அது அவ பல்லு. அவளைக் கேக்காம எடுக்க முடியாது."

அவர்கள் சிரித்தார்கள். பெரியவங்க நாம சொன்னா பொண்ணு கேட்டுக்க மாட்டாளா என்றார்கள். அம்மா காபி டம்ளர்களை அவர்கள் பக்கம் நகர்த்தினாள். தன்னைவிட வசதியானவர்கள் முன்னால் ஒருநாளும் குரலை உயர்த்தாதவள், அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"எனக்கு முப்பத்தஞ்சு வயசுல எல்லாத்தையும் எடுத்தாங்க. என்னை யாரும் கேக்கல. நானும் வேணாம்னு சொல்லல, சொல்லலாம்னே எனக்குத் தெரியாது. இவ சொல்லுவா. காபி ஆறுது, சாப்பிடுங்க. அவ பல்லோடதான் வருவா. இஷ்டமில்லேன்னா நீங்க கிளம்பலாம்."

பையனுடைய அப்பா சட்டையைச் சரி செய்துகொண்டார். அத்தை கைப்பையை எடுத்தார்கள். யாரும் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போன பிறகு, தொடாமல் விட்டுப்போன அந்தக் காபியை நானும் அம்மாவும் சூடு பண்ணிக் குடித்தோம்.